வெள்ளிக்கிழமை ஏழு பத்து

நட்சத்திரங்கள் அணுக்கருவுக்கு நியூட்ரானை ஒவ்வொன்றாக ஊட்டித்தான் பேரியத்தையும் ஈயத்தையும் ஆக்குகின்றன. எந்த வேகத்தில் என்று நேராக அளக்கப் போனால் தலைவலி. வேண்டிய அணுக்கரு சில நாளில் சிதைந்துவிடும். தனி நியூட்ரான் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். ஆகவே ஏமாற்றுகிறோம். வேறொரு கருவை வேறொரு துகளால் அடித்து, அதே கொந்தளிக்கும் கருவை உண்டாக்கி, அது கக்கும் காமாக் கதிர்களை எண்ணுகிறோம். தான் எந்த வழியில் உருவானது என்பதை அந்தக் கரு மறந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. முழுக்க மறப்பதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. அந்தத் தடயத்தைத் தேடித் திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் தொலைத்தேன்.

2006இல் என் தம்பி சிரஞ்சீவி குவைத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏஜெண்ட் அவனை யாரோ ஒருவனுடைய பாஸ்போர்ட்டில் அனுப்பியிருந்தான். எந்த ஆபீசிலும் அவன் பேரைச் சொல்லி விசாரிக்க முடியாது. பிச்சாட்டூரில் அம்மா சென்னம்மாவின் செல்போனில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் இரண்டு ரிங் வந்து நின்றுவிடும். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். எடுத்தால் அவனுக்குச் செலவு என்பதால் யாரும் எடுப்பதில்லை. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எங்கள் பக்கத்து வீடுகளில் இதுதான் முறை. பண்டிகைக்கு மட்டும் பேசுவான். அந்தப் பொங்கலுக்குப் பேசவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மா சொன்னாள், நானும் சரி என்றுவிட்டேன். படித்த மடச்சி.

சித்திரையில் ஊருக்கு வந்தபோது சும்மா இருக்க முடியாமல் போனை நோண்டினேன். எடுக்காத அழைப்புகள் இருபது, நேரத்தோடு பதிவாகியிருந்தன. பழைய ஏழும் 6.52, 7.21, 7.04 என்று முன்னும் பின்னுமாக. அதற்குப் பிந்திய பதின்மூன்றும் 7.10. ஒரு வாரம்கூடப் பிசகவில்லை.

மனிதன் கை பட்டால் சிதறல் இருக்கும். சிதறலே இல்லாத தரவு வந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பயத்தை மறைக்க, காபியில் சர்க்கரை இல்லை என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

அன்றே வெள்ளிக்கிழமை. சாமி படத்தடியில் இருந்த போனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஏழு பத்துக்கு அது ஒளிர்ந்தது. முதல் ரிங்கிலேயே எடுத்தேன்.

"எடுக்காதடி! புள்ளைக்கு வீண் செலவு!" அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஓர் ஆண், மெல்ல: "யாரும் எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே."

"சிரஞ்சீவி எங்கே?"

"நான் வேணு. ஊரு சத்தியவேடு. அவரை நான் பாத்ததே இல்லக்கா. இந்த ரூமுக்கு வந்தே ஆறு வாரம்தான்."

பதின்மூன்றில் ஆறு போக ஏழு. "அதுக்கு முன்னாடி யார் அடிச்சது?"

"நகரிக்காரர் ஒருத்தர். ஊருக்குப் போறப்ப போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. அவருக்கும் வேற ஒருத்தர் குடுத்ததாம். அலாரம் போன்லயே வச்சிருக்குது. சிரஞ்சீவி அண்ணன் கட்டட சைட்ல மேல இருந்து விழுந்து செத்துட்டாராம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, வெள்ளிக்கிழமை தவறக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி கை மாத்திகினு வராங்க."

"எப்போ விழுந்தான்?"

"ரூம்ல யாருக்கும் தெரியலக்கா. எல்லாரும் புது ஆளுங்க."

அந்தப் பழைய ஏழு அழைப்புகள்கூட என் தம்பியுடையவைதானா? அதற்கும் முன்னால், தீபாவளிக்குப் பேசியபின் வந்தவை? நான் எண்ணிய கணக்கெல்லாம் பெயர் தெரியாத கைகளுக்குள் போய்விட்டது. அம்மாவின் பிடி தளர்ந்திருந்தது. அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அவன்தானே? துன்னானான்னு கேளு."

"துன்னுட்டானாம், அம்மா."

வேணு அதைக் கேட்டிருக்க வேண்டும். "அடுத்த மாசம் நானும் ஊருக்கு வரேன்க்கா," என்றான். "போனை யார்கிட்ட குடுக்கட்டும்? இல்ல, இதோட நிறுத்திடலாமா?"

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு போனுக்கு அருகில் வந்தாள், ஒரு வார்த்தையாவது கேட்டுவிடலாம் என்று. நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"புதுசா வர்றவன்கிட்ட குடு," என்றேன். "அலாரத்தை மட்டும் எடுத்துடு. கொஞ்சம் முன்னப் பின்ன அடிக்கட்டும்."