நூற்று நாற்பத்தேழாவது நாற்று

ஜோசஃபின் அந்தக் கேள்வியைச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, விதை உறையை மாத்திப் போட்டுட்டீங்களா?"

திருச்செல்வம் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். கிள்ளானுக்குப் பக்கத்திலுள்ள அந்த நெல் ஆய்வு நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். நெற்பூவைத் திறந்து, உள்ளேயிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சேதமில்லாமல் எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தூவி உறை மாட்டுவதில் அவர் கைக்கு நிகரான கை அங்கே கிடையாது.

"நான் மாத்தல மிஸ்."

"அப்ப இது எப்படி வந்துச்சு? வரவே கூடாதுலா!"

அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சியே அந்த 'வரவே கூடாது' என்பதில்தான் நின்றது. நெல்லின் மகரந்தத் துகள் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ஆண் அணுக்கள் இருக்கும். ஒன்று கருவாகும், மற்றது அந்தக் கருவுக்கு உணவாகும், நாம் வடித்துத் தின்னும் அரிசியும் அதிலிருந்து வருவதுதான். ஓரணுவை இரண்டாகப் பிரியச் சொல்லும் ஜீன் ஒன்றை ஜோசஃபின் கண்டுபிடித்திருந்தாள். அது பழுதுபட்டால் துகள் ஒற்றை அணுவோடு நின்றுபோகும், விதை பிடிக்காது. ஆகவே அந்தப் பழுது தாய்ச்செடி வழியாகப் பிள்ளைக்கு வரலாம். தந்தைச்செடி வழியாக வராது. இருநூற்றுப் பன்னிரண்டு நாற்றுகளில் மற்றவை எல்லாம் அதைத்தான் சொல்லின. நூற்று நாற்பத்தேழாவது மட்டும் தந்தை வழியில் பிறந்தும் பழுதைச் சுமந்து நின்றது.

மேலதிகாரி டாக்டர் ரபேல் யோசிக்கவே இல்லை. "தாய் வழி விதை இந்த உறைக்குள்ள விழுந்திருக்கும். ஆள் செஞ்ச தப்பு. அதை எடுத்துட்டுக் கட்டுரைய எழுது."

பதிவில் அந்த எண்ணுக்கு எதிரே 'உறை மாறியது' என்று தட்டெழுதினாள். திருச்செல்வம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போய்விட்டார்.

அதிலிருந்து பதினாறாம் நாள், சாலாக் செலாத்தானில் தன் பிளாட்டுக்குக் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கியவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜோசஃபின் சாவு வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி தனலெட்சுமியின் அருகே செல்லக் கால் வராமல், செருப்புக் குவியல் ஓரமாகவே நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த வாரம் அவருடைய அலமாரியை ஒழிக்கும் வேலை அவளுக்கே வந்தது. உள்ளே ஒரு பள்ளிக்கூட நோட்டு, அறுப்பு நாள்கள் எல்லாம் அவர் கையெழுத்தில். தாய் வழிக் கதிர்களைத் திங்கட்கிழமைகளிலும் தந்தை வழிக் கதிர்களை வியாழக்கிழமைகளிலும் மட்டுமே அறுத்திருந்தார். ஒரே நாளில் இரண்டு வகை உறையையும் அவர் மேசையில் வைத்ததே இல்லை. நூற்று நாற்பத்தேழு வந்த உறை, ஒரு வியாழக்கிழமை உறை. அன்று மாறுவதற்கு வேறு உறையே இல்லை.

ஜோசஃபின் நோட்டை மூடிக்கொண்டு டாக்டர் ரபேலின் அறைக்குப் போனாள்.

"மறுபடியும் செய்யணும் சார். தந்தை வழி மட்டும். தாய் வழிக் கலப்பு ஒண்ணுகூட கூடத்துல இருக்கக் கூடாது."

"ஆறு மாசம் போயிடும் ஜோ. அதுக்குள்ள வேற யாராச்சும் எழுதிட்டா?"

"எழுதட்டும் சார்."

அவர் அனுமதிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இம்முறை கலப்பு முழுவதையும் அவளே செய்தாள். முதல் வாரம் பாதிப் பூக்கள் அவள் விரலில் நசுங்கின. காலை பத்து மணி வெயிலில், கண்ணாடிக் கூரையின் கீழ் வியர்வை கண்ணில் இறங்க, அவர் இதைப் பத்தொன்பது வருடம் முணுமுணுக்காமல் செய்தாரே என்று நினைத்துக்கொண்டாள். விதை முற்றியது, நாற்று முளைத்தது, ஒவ்வொன்றிலும் இலை நறுக்கிச் சோதித்தாள். அறுநூற்று நாற்பது நாற்றுகள். மூன்றில் பழுது இருந்தது.

பிறகு நுண்ணோக்கியில் தேடினாள். பழுதுபட்ட துகள்கள் பூவுக்குள் குழாய் விட்டு இறங்கும்போது, பெரும்பாலானவற்றில் ஒற்றை அணுவே சாயத்தில் நீலமாய் மினுங்கியது. ஏதோ சிலவற்றில் மட்டும் அது போகிற வழியிலேயே, மிகவும் பிந்தி, இரண்டாகப் பிரிந்திருந்தது. ஜீன் பழுதுபட்டாலும் பிரிவு அடியோடு நின்றுவிடவில்லை. நூற்று நாற்பத்தேழும் அப்படி வந்ததுதான்.

அதற்குள் வேறொரு நாட்டுக் குழு அதே ஜீனைப் பற்றி எழுதிவிட்டது. 'தந்தை வழியில் ஒருபோதும் இல்லை' என்றே அவர்களும் எழுதியிருந்தார்கள். ஜோசஃபினின் கட்டுரை சிறிய இதழ் ஒன்றில்தான் ஏற்கப்பட்டது.

அச்சுக்குப் போகுமுன் அவள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். தனலெட்சுமி அங்கே ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தாள். விரித்துப் போட்ட சேலைகளை மடித்தபடியே ஜோசஃபின் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க கேட்ட அன்னிக்கு அவரு சாப்பிடல" என்றாள் கடைசியில். "நான் மாத்தல தனம்னு ஒரு வாரம் சொன்னாரு. அப்புறம், ஒருவேளை மாத்தியிருப்பேனோன்னு கேக்க ஆரம்பிச்சாரு. கண்ணு சரியில்லையோன்னு கிளினிக்குக்குப் போயி கண்ணாடி மாத்துனாரு, தெரியுமா மிஸ்?"

ஜோசஃபினுக்குத் தெரியாது.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா."

"அவரு இருக்கும்போது வந்து சொல்ல வேண்டியது இது." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இப்ப நான் மன்னிச்சு என்ன ஆகப் போவுது?"

ஜோசஃபின் பையிலிருந்து கட்டுரையை எடுத்தாள். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். நடுவில் திருச்செல்வத்தின் பெயர். தனலெட்சுமி தாளை வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.

"ஸ்பெல்லிங் தப்பு. அவரு அடையாள கார்டு, ஐ.சி.யில, 'சி'க்குப் பின்னால ஒரு 'எச்' இருக்கு."

ஜோசஃபின் பேனாவை நீட்டினாள். தனலெட்சுமியே அந்த எழுத்தைச் சேர்த்தாள்.

"அவரு செஞ்சது எந்த எடத்துல வருது?"

மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சேலை பார்க்க வந்த இரண்டு பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் இருங்கம்மா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, தனலெட்சுமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தமிழ்ல சொல்லுங்க மிஸ். மெதுவா."