எடுத்துக்காட்டு வாக்கியம்

'பார்ன்' (born) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூன்றாவது பொருளை எழுதிக்கொண்டிருந்தபோது துணையாசிரியைக்கு வயிற்றில் ஓர் உதை விழுந்தது. எட்டு மாதம். பக்கத்து ஸ்டூலில் பதிப்பாசிரியரின் மருமகன் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அகராதி அலுவலகம் முழுக்க அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது; அதைத் தவிர அவருக்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வேலை பழக்கிவிட்டுத்தான் அவள் பிரசவ விடுப்பில் போகலாம் என்பது உத்தரவு. போன முறை பிரசவத்துக்குப் போன பிழைதிருத்துநர் கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது, அவள் இடத்தில் பதிப்பாசிரியரின் மச்சினன் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். துணையாசிரியையின் வீட்டிலோ அவள் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிகிறது.

அந்த ஆங்கில-தமிழ் அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். பதிப்பாசிரியர் அந்த வாக்கியங்களில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிறவர். 'பார்ன் லீடர்' என்று வந்தால், 'எங்கள் பதிப்பாசிரியர் பிறவித் தலைவர்' என்றுதான் எழுத வேண்டும். வாயில் வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவன் என்ற ஆங்கில வழக்குக்கு மட்டும் அவள் ஆளை வெளியே தேடிப் போகவில்லை; ஸ்டூலை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள்.

என்னை ஏமாற்ற முடியாது என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் நாட் பார்ன் யெஸ்டர்டே' என்பார்கள். மாப்பிள்ளை அதை 'நான் நேற்றுப் பிறக்கவில்லை' என்று எழுதி, தானே ரசித்தும் கொண்டார்.

"ஏங்க, யாராவது இப்படிப் பேசுவாங்களா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தானங்க இருக்கு?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவள் பேனாவைக் கீழே வைத்தபோது பதிப்பாசிரியர் வந்தார். கூடவே வந்த அலுவலக உதவியாளர், அவளைக் கேட்காமலேயே அவள் அலமாரிப் புத்தகங்களை எடுத்துக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தார்.

"எங்க மாப்பிள்ளை பிறவி ஆசிரியர், பாத்தியாம்மா? நீ நிம்மதியாப் போயிட்டு வா. உன் இடம் எங்க ஓடிடப் போகுது?"

கயிற்றில் முடிச்சு விழும் சத்தம் கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கே காது குத்துறீங்களா சார்?"

பதிப்பாசிரியர் ஒரு கணம் விழித்தார். பிறகு மேசைமேல் கிடந்த 'யெஸ்டர்டே' தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, இதுதாம்மா! மாப்பிள்ளை, எழுதுங்க, எழுதுங்க. 'எனக்கே காது குத்துறியா?' எவ்வளவு பொருத்தம்! உங்க பேர்லயே போட்டுக்கலாம்."

மாப்பிள்ளை எழுதிக்கொண்டார். எழுத்துப்பிழையோடு. இந்த மனுஷரைத் திட்டக்கூட வழியில்லை, திட்டினால் அதையும் அச்சில் ஏற்றி மருமகனுக்குச் சீராகக் கொடுத்துவிடுவார் என்று அவளுக்குப் புரிந்தது. சீ, இவரைப் போய் 'பிறவித் தலைவர்' என்று எழுதினோமே என்று தன்மீதும் கொஞ்சம் அருவருப்பு வந்தது.

"சரி, எழுந்திரும்மா. மாப்பிள்ளை உக்காந்து சுத்தமா எழுதட்டும்."

அவள் நாற்காலியை மேசையோடு இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திரிக்க முடியாது சார்."

"ஏம்மா? வலி எடுத்துடுச்சா?"

"இல்ல."

மாப்பிள்ளை தாளோடு நின்றார். பதிப்பாசிரியரின் கை நாற்காலியின் முதுகுவரை நீண்டது; அவள் வயிற்றைப் பார்த்ததும், எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்திலேயே நின்றது.