வசுமதி வெட்டிய பனிப்பூ

1973 ஏப்ரலில் திருவிடந்தை வசுமதி வெட்டிய காகிதப் பனிப்பூ, மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் உருகிவிட்டது. வெள்ளை டெம்மித் தாளில் வெட்டிய பூ. ஃபைலைத் திறந்தபோது உள்ளே கால் டம்ளர் தண்ணீர் இருந்தது. பானைத் தண்ணீரைவிடச் சில்லென்ற தண்ணீர். அது பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டியில் வழிந்ததில் அவர் இவளை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு மணிக்குக் கைவேலைத் தேர்வு. ஈரமான காலி ஃபைலை நீட்டினால் எந்த எக்ஸாமினர் மார்க்கு போடுவார்? சிவப்பிரகாசம் என்கிற அந்த மனிதர் ஐம்பதுக்கு முட்டை போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வசுமதி சதுரங்கப்பட்டினத்து ஆரம்பப் பள்ளியில் தற்காலிக டீச்சர். ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை போகும், ஜூனில் மறுபடியும் மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டும். ஆசிரியர் தேர்வில் மற்ற பாடமெல்லாம் ஒரே மூச்சில் தேறியவளுக்குக் கைவேலை ஒன்றுதான் பாக்கி. அது தேறினால் வேலை நிரந்தரம். மொத்தம் ஐந்து தடவைதான் எழுதலாம். அப்பா சாரங்கபாணி கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்கிறவர், பெண் வேலைக்குப் போவதில் அவருக்கு இஷ்டமே இல்லை. “ஊர் உலகத்துல இருக்கறவா எல்லாம் கல்யாணம் ஆகணும்னு நம்ம பெருமாளைத் தேடிண்டு வரா. நீ கோயில் வாசல்லயே இருந்துண்டு வேலை வேலைன்னு பறக்கறே” என்பார். கடைசியில் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஐந்தாவது தடவையும் போய்விட்டால் அவர் காட்டுகிற வரனுக்கு அவள் கழுத்தை நீட்ட வேண்டும். வரனும் தயாராகத்தான் இருந்தான், வருஷா வருஷம் ஏப்ரல் முடிந்ததும் ரிசல்ட் என்ன என்று கேட்டு ஒரு கார்டு போடுவான்.

வீட்டிலேயே செய்து எடுத்துவர வேண்டிய சாமான்களில் பனிப்பூவுக்கு மட்டும் ஐம்பது மார்க், மொத்தத்தில் பாதிக்கு மேல். அதை யார் பாடத்தில் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நம் பக்கத்தில் பனி என்றால் மார்கழியில் விடியற்காலை தலையில் இறங்கி இருமலைக் கொடுப்பது, அதற்கு எத்தனை முனை என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. புத்தகத்தில் ஆறு முனை என்று போட்டிருந்தது. நம்மூர்க் கையோ எட்டுக்குப் பழகிய கை. கல்யாணப் பந்தலுக்குத் தாள் வெட்டுகிறவர்கள் பாதியாக மடிப்பார்கள், அதைப் பாதி, அதையும் பாதி, பிரித்தால் எட்டு முனை வந்து நிற்கும். ஆறு வேண்டுமென்றால் சதுரத்தை முக்கோணமாக்கி, அந்த முக்கோணத்தை மூன்றாகப் பங்கு போட்டு மடிக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஒரு கை நீளும், ஒரு கை சூம்பும். வசுமதி ஒரு மாதம் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோல் பட்டு விரல் காய்த்துப்போக, அச்சு அசலாக ஆறு முனை வரப் பழகிக்கொண்டாள். அப்படி அச்சு அசலாக வந்தவைதான் உருகின. கடலோரத்துக் காலைக் காற்றில் ஒன்றரை மணி நேரம் தாங்கும், உச்சி வெயிலில் ஒரு நிமிஷம். கூடப் படித்தவர்கள் வெட்டியவை வெறும் காகிதமாகக் கிடந்தன, கோணல் மாணலாக இருந்தாலும் பாஸாயின.

அடுத்த வருஷம் அவள் எட்டு முனை வைத்து வெட்டினாள். உருகவில்லை. வழி நெடுகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகவே போய்ச் சேர்ந்தாள். சிவப்பிரகாசம் பென்சில் நுனியால் எண்ணினார். “எட்டு இருக்கேம்மா. இது பனிப்பூ இல்ல, பந்தல் தோரணம்” என்றார். மறுபடியும் முட்டை.

வீட்டுக்கு வந்த வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தாளை எடுத்து ஆறு முனையாக வெட்டி, சனியனே தொலை என்று ஜன்னல் வழியாக விட்டெறிந்தாள். தெருவில் மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த குப்பத்துச் சந்திரம்மாவின் கூடைக்குள் அது விழுந்தது. அன்றைக்குச் சந்திரம்மாவின் சங்கரா மீன் சாயங்காலம் வரை வலையிலிருந்து எடுத்த மாதிரி விறைப்பாகவே இருந்தது. மறுநாள் காலையிலேயே அவள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். “இன்னா டீச்சரம்மா, இந்த வர்சமும் கோட்டா? போவட்டும் வுடு. வீணாப் போனது எதுனா கீதா, கூடைக்குப் போட?” என்றாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள், கூட நாலு பேரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். வசுமதி பழகுவதற்காக வெட்டித் தள்ளியதெல்லாம் குப்பத்துக் கூடைகளுக்குப் போயிற்று. தன் தோல்வி இவர்களுக்கு இவ்வளவு உபயோகப்படுகிறதே என்பதில் அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாம் வருஷம் அவள் ஒரு தப்பும் செய்தாள். மீன் அரிந்து பழகிய சந்திரம்மாவின் கையால் ஒரு பனிப்பூ வெட்டி வாங்கினாள். கோணலாக இருந்தாலும் ஆறு முனை இருந்தது, மூன்று நாள் காகிதமாகவே கிடந்தது. தேர்வன்று காலை அதன் முதுகில் தன் நம்பரை எழுதினாள். மையும் தாளுமாகக் கையில் வழிந்தது. நாலாம் வருஷம் வெள்ளைத் தாளையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு போய்ச் சிவப்பிரகாசத்தின் மேஜை முன்னாலேயே வெட்டி விரித்தாள். அவர் நாலு வரை எண்ணினார், ஐந்தாவது முனை இல்லை. கைக்குட்டையால் மேஜையைத் துடைத்துவிட்டு, “உருகுறது தெரியுதும்மா, நான் என்னா குருடனா? மார்க்கு பொருளுக்குத்தான், தண்ணிக்கு இல்ல” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, கையேட்டில் அப்படித்தான் இருந்தது. வசுமதி அன்று பஸ்ஸில் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை வாய்விட்டு அழுதாள்.

ஐந்தாம் தடவைக்கு வழி சொன்னது சந்திரம்மாதான். குப்பத்துக்கு மெட்ராஸிலிருந்து லாரியில் மரத்தூள் போட்டு ஐஸ் வரும், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். “நான் பாரு, எனக்கு நானே ஆப்பு வச்சிகினுகீறேன். நீ பாஸாயிட்டா நீ பாட்டுக்குப் போய்க்கினே இருப்பே. எங்க மீனுக்கு யாரு வெட்டுவா?” என்று புலம்பிக்கொண்டே தன் கூடையில் பாதிக்கு ஐஸ் கட்டிகளை அடுக்கி, நடுவில் இரண்டு தட்டுகளுக்கு இடையே பனிப்பூவை வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டுக் கொடுத்தாள். மடப்பள்ளிக்காரர் வீட்டுப் பெண் இடுப்பில் மீன் கூடையோடு கிளம்பியதைப் பார்த்துச் சாரங்கபாணி திண்டாடிப்போனார். ஸ்நானம் பண்ணாமல் உள்ளே வராதே என்று மட்டும் சொன்னார். மாமல்லபுரத்தில் கண்டக்டர் மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்றார், வேண்டுமானால் கூரை மேலே போடு என்றார். ஏப்ரல் வெயிலில் கூரை மேலேயா? ஜன்மத்தில் குரலை உயர்த்தியறியாத வசுமதி படிக்கட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எடுப்பதானால் என்னைத் தள்ளிவிட்டு எடுங்கள் என்றாள். இருபது நிமிஷம் வண்டி நின்றது. பிறகு ஜனங்கள் கண்டக்டரைத் திட்ட ஆரம்பித்ததால் கிளம்பிற்று.

சிவப்பிரகாசம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆறு முனையையும் எண்ணினார், அளவுகோல் வைத்து அளந்தார், முப்பத்தெட்டு மார்க் போட்டார். மார்க் போட்ட சாமானை ஒரு வருஷம் பீரோவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பீரோவைத் திறப்பதற்குள் பூ தட்டிலேயே தண்ணீராகிவிட்டது. அவர் பதிவேட்டில் ‘இருக்குமிடம்’ என்ற கட்டத்தில் ‘உருகிவிட்டது’ என்று எழுதி, மை காய ஊதினார்.

வசுமதிக்கு சந்தோஷமே வரவில்லை. “இதைப் போன வருஷமே எழுதியிருக்கலாமே சார்?” என்று கேட்டாள்.

“போன வருசம் மார்க்கு போடறதுக்கு முன்னாடி உருகிச்சு. இப்ப போட்டதுக்கு அப்பால உருகிச்சு. ரெண்டும் ஒண்ணாம்மா?” என்றார் அவர்.

ஜூனில் வேலை நிரந்தரமாயிற்று. வரன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். பள்ளிக்கூடம் போவதற்கு முன் வசுமதி குப்பத்துக்காகத் தினமும் முப்பது பூ வெட்டினாள், யாரும் முனையை எண்ணவில்லை. மறுவருஷத்துத் தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது போன வருஷத்துப் பதிவேட்டைப் பார்த்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது, அதில் பனிப்பூவை ஐஸில் வைத்து எடுத்துவர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வருஷம் தேர்வுக்கு வந்த பதினேழு பேரும் ஐஸ் கூடையோடு வந்தார்கள். தாள் நமத்துப்போயிருந்தாலும் யாருடைய பூவும் உருகவில்லை. சிவப்பிரகாசம் ஒவ்வொன்றையும் மேஜையில் வைத்து மத்தியானம் மூன்று மணி வரை காத்திருந்துவிட்டு, பதினேழு பேருக்கும் பத்துப் பத்து மார்க் குறைத்தார். காரணம், ‘உருகவில்லை’.

சேதி கேட்ட வசுமதிக்கு வயிறு எரிந்தது. மூன்று தடவை உருகுகிறது என்று என்னைத் தள்ளினார்கள், இப்போது உருகவில்லை என்று அந்தப் பதினேழு பேருக்கும் மார்க்கைக் குறைக்கிறார்களே, இதைக் கேட்க ஆளில்லையா என்று கொல்லைப்பக்கத்தில் நின்று கத்தினாள். சந்திரம்மா அன்றைய முப்பது பூவையும் எண்ணிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சரியாத்தான போட்டுகீறாரு” என்றாள் அவள். “உருகாததுக்கு இன்னாத்துக்கும்மா மார்க்கு?”