ஈசனைக் காணாத ரத்தம்

"பூஜ்யம்னா நல்லதுதானேக்கா! நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு..."

"யாருக்குடீ நல்லது? திரும்பத் திரும்ப எண்ணிட்டேன். ஒண்ணாவது, பேருக்கு ஒண்ணாவது..."

"அதான் ஒண்ணுகூட இல்லேங்கிறியே! குணமாயிட்டார்னு அர்த்தம்!"

"கத்தாதே. வெளியிலதான் உக்காந்திருக்கார்."

அக்கா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் உள்ளறை அது. இடையில் ஒரு துணித்திரை மட்டும். திரைக்கு அப்பால் தங்கையின் கணவர், அக்கா சந்தேகப்பட்டுக் கேட்டதால் இன்றைக்கே இரண்டாவது தடவையாக ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார். மாவு மில்லில் வேலை. தூசி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்து வீட்டில் கிடந்தவர். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் குறைந்தால்தான் மில்லுக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறைந்துவிட்டது. அடியோடு துடைத்துவிட்ட மாதிரி குறைந்துவிட்டது. அதுதான் அக்காவை மறுபடி மறுபடி எண்ண வைத்தது.

போன தடவை இதே மைக்ரோஸ்கோப்பில், சிவப்புக் குருணை அப்பிய அந்த அணுக்கள் சர்க்கரையில் மொய்த்த எறும்பாய்த் தெரிந்தன. இன்று நியூட்ரோபில் என்ற வேறு வகை வெள்ளணுக்கள்தான் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

"நம்ம வீட்டு ஈசனோபீலியாவுல ஈசனையே காணோம்! கொஞ்சம் சிரியேங்க்கா."

"சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல். அது காவல்டீ. புழு வந்தாலும் ஆகாத தூசி வந்தாலும் ஓடி வர்ற காவல். அவருக்குத் தலைகால் தெரியாம ஆடிச்சு, அதான் இளைப்பு. இப்ப யாரோ காவல்காரனைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு, நீ ஊர்ல திருடனே இல்லேங்கிறே. ஆமா, மாப்பிள்ளை முகம் ஏன் அதைச்சிருக்கு?"

"நல்லா சாப்பிடறார். அகோரப் பசி."

அக்காவுக்குச் சுருக்கென்றது.

"மாத்திரை எதாவது போட்டாரா?"

"அவரா? செத்தாலும் மாத்திரை முழுங்க மாட்டேன்னு சபதம் போட்ட மனுஷன்!"

"உன் மாமியாருக்கு மூட்டுவலிக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை மிச்சம் இருந்துதே, அது எங்கே?"

தங்கை முந்தானை நுனியைத் திருகினாள்.

"நீதானேக்கா சொன்னே? அந்த மாத்திரை உள்ள போனா ஈசினோபில் ஓடி ஒளிஞ்சுக்கும்னு."

"சோத்துத் தட்டு முன்னாடி கதையாச் சொன்னேன். அதை வைத்தியமா எடுத்துக்குவியா, பாவி!"

"மில்லுல வேற ஆளப் போட்டுடுவாங்கக்கா."

"மாத்திரை தீர்ந்ததும் மாவு மூட்டைக்கு நடுவுல மூச்சடைச்சு விழுந்தா? திடீர்னு நிறுத்தவும் கூடாது, உடம்பு தாங்காது. வா, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடலாம். இப்பவே."

அக்கா எழுந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாங்க்கா, உன் கால்ல விழறேன். மன உறுதியாலேயே குணமாயிட்டேன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டிருக்கார். தெரிஞ்சா என் கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிப்பாரா? நான் என்ன விஷமா வச்சேன்? தினமும் பொடிச்சு, பால்லதானே கலந்து..."

அழுகையில் குரல் எகிறிவிட்டது. அப்பால் பெஞ்சு கிறீச்சிட்டது.

திரை விலகியது. பஞ்சு எங்கோ விழுந்திருந்தது. முழங்கையில் ரத்தம் ஒரு கோடாய் இறங்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பவும் இல்லை.

"பால்ல என்னத்தடி கலந்தே?"