‘புரியலைங்க’ வகுப்பு

“காத்தால எந்திரிச்சு நின்னு புரியல, புரியலன்னு ஒப்பாரி வெக்கறதுக்கா டீச்சரம்மா பள்ளிக்கூடம்...”

“ஒப்பாரி இல்லீங்க சார், பத்தே நிமிசம்...”

“பத்தோ அஞ்சோ, நான் பேசி முடிச்சர்றனே...”

“முடிங்க. ஆனா நான் நிறுத்த மாட்டனுங்க.”

“அதுதான் நான் முடிக்கறதுக்குள்ளயே சொல்லிப்போட்டீங்களே.”

தலைமையாசிரியர் நஞ்சப்பனுக்கும், கணக்கும் விஞ்ஞானமும் நடத்தும் மதலேனம்மாளுக்கும் இந்தச் சண்டை ஆனியில் மூண்டது. ஆடி பிறந்தும் ஓயவில்லை. எல்லை தாண்டி மலையாளச் சீமையில், கோவிந்தாபுரத்துக்கு மேற்கே, நிலக்கடலைக் காட்டுக்கு நடுவே நின்ற அந்த ஓட்டுக் கட்டடப் பள்ளியில் இருந்ததே நாலு வாத்தியார்கள். மற்ற இருவரும் யார் பக்கமும் சேராமல் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு வயிற்றுவலி.

ஒன்பதாவது படிக்கும் ரஹீமாவுக்குத் திங்கட்கிழமை தவறாமல் வயிறு வலிக்கும். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கும் மொய்தீனின் மகள். மூன்றாவது திங்களும் அவளைக் காணாமல் மதலேனம்மாள் கடைக்கே போய்விட்டாள்.

“சுக்குக் கசாயம் குடுத்தாச்சுங்க, ஓதியும் பாத்தாச்சுங்க,” என்றார் மொய்தீன். “செவ்வாக்கெழம தானா சரியாப் போயிருதுங்க டீச்சரம்மா.”

“திங்கக்கெழம முதல் மணி அல்ஜீப்ராங்க,” என்றாள் மதலேனம்மாள்.

உள்ளே போய்ப் பெண்ணிடம் கேட்டதற்கு, பாயைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். “நீங்க புரிஞ்சுதான்னு கேப்பீங்க. எல்லாரும் புரிஞ்சுதுங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணுமே புரியாதுங்க.”

“அப்பப் புரியலன்னு சொல்றதுக்கென்ன கண்ணு?”

“பெரியவங்க மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? உங்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலன்னு சொன்ன மாதிரி ஆயிராதுங்களா?”

மதலேனம்மாள் அன்று ராத்திரி வகுப்பை ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்தாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான். மரியாதை கற்றுக்கொடுத்து வளர்த்த பிள்ளைகள். மரியாதைக்குப் பயந்து பாடத்தை விட்டுவிட்டிருந்தார்கள்.

மறுநாளே சட்டம் போட்டாள். முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் எழுந்து, தனக்குப் புரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புரிந்தது என்று யாராவது சொன்னால், உடனே பக்கத்தில் இருப்பவனுக்கு அதை விளக்கிக் காட்ட வேண்டும். ஒரு வாரம் வகுப்பு வெட்கத்தில் நெளிந்தது. அடுத்த வாரம் மூசா எழுந்து, “எக்ஸுன்னு ஒண்ணு இல்லவே இல்லீங்களே, அப்புறம் எதுக்குங்க தேடறோம்?” என்று கேட்டான். அதற்கப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. ரஹீமாவின் வயிற்றுவலி எப்போது நின்றது என்று அவளுக்கே நினைவில்லை.

“நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாருங்க,” என்றார் நஞ்சப்பன், அன்றைய சண்டையின் நடுவே குரலை இறக்கி. “பத்தாவது வெக்க அனுமதி அவர் கையெழுத்துல இருக்குது. அவரு முன்னால நாப்பது புள்ளைங்க எந்திரிச்சுப் புரியலன்னா, நம்ம பொழப்பு என்னாகறது?”

மதலேனம்மாளுக்கு மொய்தீன் சொன்னது நினைவுக்கு வந்தது. ‘பத்தாவது இங்கயே வந்தாப் படிக்கட்டுங்க. கொல்லங்கோட்டுக்குப் பஸ்ஸேத்தி அனுப்பறதுக்கில்லீங்க டீச்சரம்மா.’ அடுத்த வருசம் ரஹீமா பள்ளிக்கு வருவதும் வீட்டில் உட்காருவதும் அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது.

“நாளைக்கு ஒரு நாள் மட்டுமுங்க,” என்றாள்.

“அம்மா தாயே, அது போதும்.”

வகுப்புக்குப் போய்ச் சொன்னாள். “நாளைக்கு வர்றவர் என்ன கேட்டாலும், புரிஞ்சுதுங்கன்னு சொல்லுங்க.”

“புரியாட்டியுங்களா?” என்றான் மூசா.

“புரியாட்டியும்.”

நாற்பது முகங்களும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தன. அவள் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் காலையில் வந்தார். ஆபீசறையில் இரண்டு இளநீர் குடித்தார், கொண்டுவந்த அறிக்கைப் பாரத்தைச் சாவகாசமாக எழுதி நிரப்பினார், அப்புறம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்பதாவதுக்கு வந்தார். மலையாளம் பேசுகிறவர், பிள்ளைகளுக்காகத் தமிழை இழுத்து இழுத்துப் பேசினார்.

“குட்டிகளே, இவிட ஆடி மாசம் இத்தர காத்து எந்தா?”

ஆடியில் இவ்வளவு காற்று ஏன் என்பதையும் அவரே சொன்னார். வடக்கே மலை, தெற்கே மலை, நடுவில் இடைவெளி. மேற்கிலிருந்து வரும் காற்று முழுதும் அந்த இடைவெளிக்குள் நெருக்கிப் புகுவதால் வேகம் கூடுகிறது. “மனசிலாயோ?”

“புரிஞ்சுதுங்க,” என்றது வகுப்பு ஒரே குரலில். வாசலில் நின்ற நஞ்சப்பன் மூச்சு விட்டார்.

மதலேனம்மாள் தன் சட்டத்தில் பாதியைத்தான் மாற்றியிருந்தாள். மறுபாதியை யாரும் ரத்து செய்யவில்லை. புரிந்தது என்று சொன்ன நாற்பது பேரும், சொன்ன வாயோடு பக்கத்தில் திரும்பி விளக்க ஆரம்பித்தார்கள்.

“சந்துல போனா வேகம் எப்புடி கூடும்? சந்தைச் சந்துல கூட்டம் நின்னுதானே போகுது?”

“அது ஆளுடா, இது காத்து.”

“காத்துக்கு மட்டும் தனிக் காலா?”

“மலையில முட்டுனது திரும்பிப் போயிருமல்ல?”

“எங்க போகும், உங்க ஊட்டுக்கா?”

நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டப் போனவர் தட்டவில்லை. மூசாவிடம் வந்து குனிந்தார். “நீ மனசிலாயின்னு பறஞ்சல்லோ. பின்னே எந்தா தர்க்கம்?”

“சொல்லிக்குடுக்கப் போனாத்தானுங்க தெரியுது, புரியலன்னு,” என்றான் மூசா. பிறகு மேற்குப் பக்கம் பார்த்தான். அங்கே அரைச்சுவருக்கு மேல் வரிசையாக ஓலைத் தட்டிகள். “அதுகளத் தொறந்து பாத்துரலாமுங்களா?”

அனுமதிக்கு யாரும் காத்திருக்கவில்லை. ஆறு தட்டிகளையும் தூக்கினார்கள். காற்று வகுப்பு முழுக்கப் பரவி, புத்தகத் தாள்களை மெல்லப் புரட்டியது. “இப்ப ஒண்ண மட்டும் உட்டுட்டு எல்லாத்தயும் மூடு,” என்று கத்தினான் மூசா. ஐந்து தட்டிகளில் ஐந்து கும்பல் சாய்ந்து அழுத்தியது. திறந்திருந்த ஒன்றின் வழியே காற்று உறுமிக்கொண்டு வந்தது. சாக்கட்டித் தூள் நஞ்சப்பனின் மீசையில் படிந்தது. இன்ஸ்பெக்டரின் அங்கவஸ்திரம் தலைக்கு மேல் எழும்பிற்று, அதைப் பிடிக்கப் போன கையிலிருந்து பாரம் நழுவி, கிழக்கு வாசல் வழியாகக் கடலைக் காட்டுக்குப் பறந்தது.

“ஐயோ, எண்ட பாரம்,” என்றார் அவர், சொல்லிவிட்டுச் சிரித்தார். தொந்தி குலுங்கச் சிரித்தார். “டீச்சரே, முப்பது வருஷமாயிட்டு ஞான் இது பறயுந்நு. இன்னிக்காணு கண்டது.”

நஞ்சப்பனும் சிரித்தார், பயத்தில் பாதியும் நிம்மதியில் பாதியுமாக. “பாத்தீங்களா டீச்சரம்மா,” என்று கிசுகிசுத்தார். “பத்தாவது வந்த மாதிரிதான்.”

பாரத்தைப் பிடிக்க ஓடியவர்களில் ரஹீமாதான் முந்தினாள். முட்டி வரை செம்மண், தலைத்துணி தோளில். ஓடிப்போனவள் திரும்பி வரும்போது நடந்து வந்தாள். நடக்க நடக்கத் தாளைப் படித்துக்கொண்டே வந்தாள். வாசற்படி ஏறும்போது ஒரு வரியில் விரல் நின்றிருந்தது.

மதலேனம்மாள் எட்டிப் பார்த்தாள். மலையாளத்தில், அழகான கையெழுத்தில், ஆபீசறை மசியில் எழுதியிருந்தது: பத்தாம் வகுப்பு நடத்தத் தகுதி இல்லை. கீழே அன்றைய தேதியும் கையொப்பமும்.

தாளை வாங்கி மடித்துக் கொடுத்துவிடலாமா என்று அவள் கை நீண்டது. பாதியில் தானாக இறங்கிவிட்டது.

ரஹீமா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். தாளை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

“சார், நாங்க படிக்கறதப் பாக்கறதுக்கு முந்தியே, பத்தாவது வேண்டாம்னு எப்படிங்க எழுதினீங்க? இது எனக்குப் புரியலைங்க.”