படிவத்தில் இருந்த பையன்

ஒஸ்வால்டோ தவாரெஸும் அவர் மனைவி சுல்மிராவும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அமெரிக்காவின் பிராக்டன் நகரில், கேப் வெர்டி தீவுகளிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குக் குடியேற்ற வழக்கு பார்க்கும் வக்கீல் நான், பதினெட்டு வருடமாகிறது. ஒஸ்வால்டோவுக்கு மீன் ஆலையில் வேலை. அமெரிக்கக் குடிமகளான சுல்மிராவைக் கட்டிக்கொண்டதில்தான் அவருக்குக் கிரீன் கார்டு கிடைத்திருந்தது. இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வருமான வரிப் படிவங்களை வாங்கிப் புரட்டினேன். எங்கள் தொழிலில் பலர் அவற்றை எண்ணிப் பார்த்துக் கோப்பில் சொருகிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அதனால் என் கட்சிக்காரர் ஒருவர் குடியுரிமை நேர்காணலில் வசமாக மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து முழுக்கப் படிக்காமல் விடுவதில்லை.

மூன்று வருடப் படிவத்திலும் ஒஸ்வால்டோ 'திருமணமாகாதவர்' என்று இருந்தது.

நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கல்யாணத்தைக் காட்டி கார்டு வாங்கியவர், வரி அலுவலகத்தில் கல்யாணமே ஆகவில்லை என்கிறார். கார்டுக்காக மட்டும் நடந்த கல்யாணமோ? விசாரணை அதிகாரிக்கு முதலில் தோன்றுவதும் இதுதான்.

சுல்மிராவை வெளியே உட்காரச் சொன்னேன்.

"கடைசியா ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டீங்க?" என்று ஒஸ்வால்டோவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குங்க மேடம்?"

"சொல்லுங்க."

"சனிக்கிழமை. கச்சுப்பாவுல உப்புப் பத்தலன்னு சொன்னேன். அவங்கம்மா செஞ்சதாம். எனக்குத் தெரியாதே."

அவரை அனுப்பிவிட்டு சுல்மிராவைக் கூப்பிட்டு அதையே கேட்டேன். "எங்கம்மா ரெண்டு மணி நேரம் நின்னு சோளமும் பீன்ஸும் வேகவச்சுக் கச்சுப்பா செஞ்சாங்க. இவரு மூஞ்சிய சுளிக்கிறாரு. வேணும்னேதான். எங்கம்மா செஞ்சதுன்னு தெரிஞ்சுதான் சொன்னாரு," என்றாள்.

என் சந்தேகம் பாதி அடங்கியது. பொய்க் கல்யாணத்தில் இப்படிச் சண்டை வராது. இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் படிவத்தைக் காட்டினேன்.

"யார் எழுதிக் குடுத்தது?"

"அர்லிந்து," என்றார் ஒஸ்வால்டோ. "இவளோட சித்தி பையன். வரிக் கடை வச்சிருக்கான். இவதான் அங்க போகச் சொன்னா. காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்."

"மத்த கடையவிட அவன்கிட்ட பணம் அதிகமா திரும்பி வந்துச்சு," என்றாள் சுல்மிரா. "அது எப்படி வருதுன்னு நான் கேக்கல."

ஒஸ்வால்டோ மனைவியை ஒரு மாதிரி பார்த்தார். "கல்யாணம் ஆகலன்னு எழுதியிருக்கான். உனக்குத் தெரியாமலா எழுதினான்?"

அவள் போன வருடப் படிவத்தில் அவர் பராமரிக்கும் பிள்ளைகளின் பெயர் எழுதும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவர்கள் மகள் நெய்டா இருந்தாள். அவளுக்குக் கீழே கெல்வின் தவாரெஸ், மகன், பிறந்த தேதிப்படி வயது ஏழு.

"யாருய்யா இந்தக் கெல்வின்?" என்று கணவரிடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"உன் பேரைப் பின்னால வச்சிருக்கான். உனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமையானா பாடக்கெட் ஊருக்குப் போறியே, அங்க இருக்கானா?"

"அங்க நாலு கிழவங்களோட குழிப்பலகையில காய் போட்டு ஆடறேன். வந்து பாரு."

"ஏழு வயசு," என்றாள் அவள், எனக்குச் சொல்வதுபோல. "எங்களுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம்."

அவர்கள் தனித்தனியாகத்தான் வெளியே போனார்கள்.

ஒஸ்வால்டோ உண்மைதான் சொல்கிறார் என்று எனக்கு உறுதியில்லை. ஆனால் அந்தப் பையனின் பிறந்த தேதியை எங்கோ பார்த்த ஞாபகம். மறுநாள் காலையில் அர்லிந்துவின் கடைமுத்திரை இருந்த பழைய கோப்புகளை எடுத்தேன். மூன்றாவது கோப்பில் கிடைத்தான். அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே அடையாள எண். குடும்பப் பெயர் மட்டும் வேறு. அந்தப் படிவம் அதற்கு முந்தைய வருடத்துடையது. வருடத்துக்கு ஒரு வீட்டில் இந்தப் பையனைப் பிள்ளையாக்கி, வாடிக்கையாளருக்குக் கூடுதல் பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறான் அர்லிந்து. பிள்ளை வளர்க்கும் திருமணமாகாதவருக்கு வரி குறைவு; ஒஸ்வால்டோவை அப்படி எழுதியதும் அதற்குத்தான்.

இன்னொரு கட்சிக்காரரின் கோப்பைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது. சுல்மிராவுக்குப் போன் செய்து, "அந்தப் பையன் உங்க வீட்டுக்காரர் பிள்ளை இல்ல. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க," என்றேன்.

"அவரு சொல்லச் சொன்னாரா?"

"இல்ல."

"ஃபீஸ் குடுக்கறது அவருதானே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

விண்ணப்பத்தை நிறுத்திவைத்தேன். ஒரு நல்ல வரிக் கணக்காளரிடம் அனுப்பி மூன்று வருடத்தையும் திருத்தி எழுதச் செய்தேன். அதிகமாக வாங்கியதை அபராதத்தோடு கட்டினார்கள். அதன் பிறகுதான் விண்ணப்பம். நேர்காணல் வர ஏழு மாதமானது.

அதிகாரி இளைஞர். பழைய படிவங்களையும் திருத்தியவற்றையும் விரித்துவைத்துக்கொண்டார்.

"இந்தக் கெல்வின் யாரு?"

"இதுவரைக்கும் பாத்ததில்லங்க."

"கையெழுத்து உங்களோடதா?"

"என்னோடதுதான். படிக்காம போட்டேன். வக்கீலம்மா காட்டினப்புறம் சரிபண்ணிட்டேன்."

அதிகாரி அவரையே வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது.

அந்த வாரமே சுல்மிரா தனியாக வந்தாள். "பாடக்கெட் போய்ப் பாத்தேன்," என்றாள். "நாலு கிழவங்கதான். நான் வாசல்ல நின்னதை அவரும் பாத்துட்டாரு. அன்னையிலிருந்து என்கூடச் சரியா பேசறதில்ல."

"பேசுவாரு."

"பாப்போம். நான் வந்தது அதுக்கில்ல. அர்லிந்து மேல வரி ஆபீசுக்குப் புகார் எழுதணும்."

"உங்க சித்தி சும்மா இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க. எங்கம்மாவும்தான். ஆனா ஒரு வருஷமா என் புருஷனைத் திருடனைப் பாக்கற மாதிரி பாத்திருக்கேன் மேடம்."

புகார்ப் படிவத்தை அவளே நிரப்பினாள். என்னென்ன ஆவணம் சேர்க்க வேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன். பாதியில் நிமிர்ந்து, "இந்தப் பையன் யாரு, யார் பெத்த பிள்ளைன்னு என்ன எழுதறது?" என்று கேட்டாள்.

எனக்கும் தெரியாது. அந்த எண் எங்கோ உயிரோடு இருக்கிற ஒரு குழந்தையுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

'தெரியாது. கண்டுபிடிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துக்கு முன் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.