இந்தக் கடை அல்ல

அண்ணனின் பேக்கரியில் மதியம் வரைக்கும் பன் அடுக்கு குலையாமல் இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேளைக்கே பாதி அலமாரி காலியாகிவிடும். அன்று நான் போனபோது எல்லாம் அடுக்கியபடியே இருந்தன. அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அண்ணி தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாரும்மா. உன் கைவண்ணம்."

எங்கள் பத்திரிகையின் இணையதளத்தில் முந்தின நாள் மாலை வந்த செய்தி. யாரோ அதைத் திரையோடு படம் பிடித்து அனுப்ப, அது ஊரைச் சுற்றி அண்ணிக்கே வந்து சேர்ந்திருந்தது. 'சமையலறையில் எலி: பேக்கரிக்கு சீல்' என்று தலைப்பு. அதன் கீழே, பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிய, வாயெல்லாம் பல்லாக என் அண்ணன்.

சீல் வைக்கப்பட்டது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வேறொரு கடைக்கு. செய்தியை எழுதியவள் நான். எந்தக் கடை, எந்தத் தெரு என்று சரியாகவே எழுதியிருந்தேன். அந்தப் படத்தை எடுத்தவளும் நான்தான். போன வருடம் அண்ணன் புது அடுப்பு வாங்கியபோது, வேறொரு கட்டுரைக்காக எடுத்தது.

"உள்ள வேற கடை பேர்தானே அண்ணி இருக்கு?"

"உள்ள போய் யாரு படிக்கிறா? படத்தைப் பார்க்கிறாங்க, அடுத்தவங்களுக்குத் தட்டி விடறாங்க. காலையில ஒரு அம்மா பிறந்தநாள் கேக்கைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டா. குழந்தை பேரெல்லாம் எழுதின கேக்கு. அதை நாங்க யாருக்கு விக்கறது?"

அண்ணன் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. "மாப்பிள்ளையோட பத்திரிகை நல்லா ஓடட்டும். நான் கடையைப் பூட்டிட்டு அங்கேயே வேலைக்கு வந்துடறேன்," என்றான்.

மாப்பிள்ளை என்பது என் கணவர். பத்திரிகையின் ஆசிரியரும் அவர்தான்.

அலுவலகத்துக்கு நான் எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் மின்னல் என்றுதான் கூப்பிடுவோம். செய்தி கைக்கு வந்ததும் ஏற்றிவிடுவார், அவ்வளவு வேகம்.

"அக்கா, அதை உடனே மாத்திட்டேனே," என்றார் மின்னல், நான் வாயைத் திறப்பதற்குள். "படம் இல்லாம செய்தி ஏறாது. பழைய படங்கள்ல பேக்கரின்னு தேடினேன், முதல்ல அதுதான் வந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சதும் எடுத்துட்டேன்."

"எடுத்ததை யாருக்காவது சொன்னீங்களா?"

"எதுக்குக்கா? இப்ப போய்ப் பாருங்க, சுத்தமா இருக்கு."

அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. எங்கள் தளத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது. அழுக்கு முழுவதும் ஊரார் கைப்பேசிகளில் இருந்தது.

கணவரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அச்சில் தவறு வந்தால் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போடுவது எங்கள் பத்திரிகையின் வழக்கம். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"பேப்பர்ல படமே போடலையே. இடம் இல்லைன்னு ஒத்தைப் பத்தியில முடிச்சோம். வராத தப்புக்கு எப்படித் திருத்தம் போடறது?" என்றார்.

"பேப்பர்ல யாரு பார்த்தா? போன்ல பார்த்தாங்க. நம்ம ஆப்ல மணியடிச்சு எல்லார் போனுக்கும் அந்தச் செய்தியை அனுப்பினோமே, அதே மாதிரி மணியடிச்சு, தப்பு எங்களோடதுன்னு சொல்லுங்க."

"அப்படி ஆரம்பிச்சா தினம் மணியடிக்கணும். ஊரே சிரிக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அண்ணன்கிறதால கோபப்படறே. எனக்குப் புரியுது."

"உங்களுக்குப் புரியலை. எனக்குத் தெரியாத ஆளோட கடையா இருந்தா இந்தத் தப்பு என் காதுக்கே வந்திருக்காது. அவன் பாட்டுக்குக் கடையை மூடிட்டுப் போயிருப்பான், நீங்க பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருப்பீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் தேநீர் வந்தது. ஆசிரியர் குழு மாலையில் அந்த அறையில்தான் கூடும். மின்னலும் மற்றவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தேநீரோடு அண்ணன் கடை பன் வருவது எத்தனையோ வருடப் பழக்கம். அன்று தட்டில் பாக்கெட் பிஸ்கெட் இருந்தது.

"பன் எங்க?" என்று கேட்டேன்.

தேநீர் கொண்டுவந்தவர் தரையைப் பார்த்தார். "வாங்கிட்டு வந்தா யாரும் தொட மாட்டாங்கம்மா. காலையிலேயே வேண்டாம்னுட்டாங்க."

"யாரு?"

மின்னல்தான் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கடை இல்லைன்னு தெரியும்க்கா. ஆனா அந்தத் தலைப்பையும் படத்தையும் சேர்த்துப் பார்த்துட்டேன் பாருங்க, வாயில வைக்க மனசு வரலை."

தவறான படத்தைத் தேடி எடுத்தவரே சொல்கிறார். நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் பாதி கடித்த பிஸ்கெட் இருந்தது.

"நீங்க ஏன் பன் கேட்கலை?"

அவர் பிஸ்கெட்டைத் தட்டில் வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது. "திருத்தம் எழுது," என்றார். "எல்லார் போனுக்கும் போகட்டும்."

"சார், இதையெல்லாம் அனுப்பினா நம்ம ஆப்பை போன்லேர்ந்தே தூக்கிடுவாங்க," என்றார் மின்னல்.

"தூக்கட்டும்யா. நாமளே நம்பிட்டோமே, அதைவிடவா?"

வெறும் வரிகளாக எழுதினால் போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வரிகளை யாரும் படிப்பதில்லை. படத்தை வெட்டி எடுத்து அனுப்பினாலும் உண்மை அதோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அண்ணன் படத்தையே எடுத்து, அவன் நெஞ்சுக்குக் குறுக்காகத் தடித்த எழுத்தில் 'இந்தக் கடை அல்ல. தவறு எங்களுடையது' என்று பதிக்கச் சொன்னேன். செய்தியின் தலையிலும் அதே வரி, முதலில் எந்தப் படம் போட்டோம், ஏன் நீக்கினோம் என்ற விவரத்தோடு. படம் தேடிக் கிடைக்காவிட்டால் தலைப்பை மட்டும் எழுதிப் படமாகப் போடலாம், கிடைத்ததைப் போடக்கூடாது என்று மின்னலிடம் என் கணவரே சொன்னார். மின்னல் தலையாட்டினார். திருத்தத்தை அனுப்ப மட்டும் அவருக்குக் கை மெதுவாகத்தான் போனது. நான் பின்னால் நின்று, அது போகும்வரை நகரவில்லை.

அன்று இரவே இருவரும் அண்ணன் கடைக்குப் போனோம். கடையில் இரண்டு பெண்கள் நின்று, கைப்பேசியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், அனுப்பிட்டோம்," என்றார் என் கணவர்.

"பார்த்தேன் மாப்பிள்ளை. நெஞ்சு மேல எழுதியிருக்கீங்க. முதுகுல எழுதாம விட்டீங்களே."

அண்ணி அலமாரியிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் காகிதம்கூட வைக்காமல் அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

அவர் அந்த இரண்டு பெண்களுக்கு முன்னால் நின்றபடியே பன்னைத் தின்ன ஆரம்பித்தார். காலையிலிருந்து அலமாரியில் இருந்த பன் அது. பாதியில் தொண்டை அடைத்தது.

"தண்ணி கிடைக்குமா?" என்றார்.

"முதல்ல முழுசா சாப்பிடுங்க மாப்பிள்ளை," என்றாள் அண்ணி.